வில்லங்கம் பார்த்தவர்

ஒரு டிஸ்க் வாங்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. அப்போது மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை வீடியோ கேம் டிஸ்க்குகள்தான். விளையாடி முடித்ததைக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்துக்கொண்டு போகலாம், பிடித்திருந்தால் விலைக்கே வாங்கலாம். வருகிறவர்கள் எல்லாரும் காலேஜ் பிள்ளைகள். பெயரைச் சொல்வார்கள், எடுத்துக் கொடுப்பேன், போய்விடுவார்கள். அவர்களுக்கு நடுவே ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், சட்டைப் பையில் மூன்று பேனாவும் கையில் துணிப்பையுமாக வந்து நின்றபோது, யாருக்கோ விலாசம் தேடி வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் கீறல் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, டப்பாவின் பின்னட்டையில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். நான் அதற்குள் நாலு பேருக்கு வியாபாரம் முடித்திருந்தேன்.

"இதுக்கு முன்னால இது யாருதுங்க?" என்றார்.

"சரவணம்பட்டிப் பையன் ஒருத்தனுதுங்க."

"அந்தப் பையன் யாருகிட்ட வாங்குனானுங்க?"

"அவன் புதுசாவே வாங்குனதுங்க."

"பில்லு வெச்சிருக்கானுங்களா? வில்லங்கம் ஒண்ணும் இல்லீங்களே?"

எனக்குச் சுருக்கென்றது. திருட்டுச் சாமான் விற்கிறவன் என்கிறாரா இந்த மனுசன் என்று முறைத்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் பத்திர எழுத்தர். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, முப்பது வருடம். நிலம் வாங்குகிறவர்களுக்குக் கிரயப் பத்திரம் எழுதித் தருவார். அந்த நிலத்தின் மேல் கடன், வழக்கு, பங்காளித் தகராறு ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்குப் பெயர்தான் வில்லங்கம் பார்ப்பது. அதையே பார்த்துப் பார்த்து, வேறு கண்ணால் எதையும் பார்க்க அவருக்கு வராமல் போய்விட்டது.

எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் விடமாட்டார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பார். கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் போவார். ஒருமுறை என்னோடு டீக்கடைக்கு வந்தவர், பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் படித்துவிட்டு, பாதியில் நின்றுபோன செய்தியின் மிச்சத் துண்டு எங்கே என்று கடைக்காரரைக் கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

விளையாடி முடித்த டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் என் கையில் வைத்து, "இனிமேப்பட்டு நீங்களே சர்வ சுதந்திரமா ஆண்டு அனுபவிச்சுக்குங்க" என்பார். பத்திரத்தில் அவர் தினமும் எழுதுகிற வாசகம். காலேஜ் பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், கடையில் டிஸ்க் கைமாறும்போதெல்லாம் ஆளாளுக்கு அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் கோபப்படவில்லை. வாயால் சொல்லிவிட்டுக் கொடுப்பதுதானே கைமாற்றுவது, சொல்லாமல் கொடுத்தால் அது திருட்டு மாதிரி என்றார்.

அவர் எடுப்பதெல்லாம் நிலம் வருகிற கேம்தான். காட்டைத் திருத்தித் தோட்டமாக்குவது, வாய்க்கால் வெட்டுவது, வீடு கட்டுவது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. சாயங்காலம் இவர் விளையாட, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டம்மா பார்ப்பாராம். "சீரியல்ல அழுகாச்சிங்க. இதுல வேலை இருக்குதல்லோ" என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

அந்த அம்மாவும் சில நாள் கூட வருவார். அவர் 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார், நானும் அப்படியே சொல்கிறேன். அம்மணி கடையின் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பார். முக்கால் மணி நேரம் தாண்டினால், "ஏனுங்க, அந்தத் தம்பி கடையச் சாத்தோணுமல்லோ" என்பார். எங்கள் ஊரில் ஆளைக் கூப்பிட ஏனுங்க என்பதை எல்லாரும்தான் சொல்கிறோம். அம்மணி சொல்வது தனி. 'ஏ'யை ஒரு இழுப்பு இழுத்து, கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். என்ன படித்துக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு அவர் தலை திரும்பிவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மணி அவர் பெயரைச் சொன்னதே இல்லையாம். முப்பது வருடமும் அந்த ஒரு சொல்தான்.

இதற்கிடையில் என் பிழைப்பு ஆட்டம் காண ஆரம்பித்தது. டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிகள் டிஸ்க் போடும் வாயே இல்லாமல் வந்தன. கேம்கள் நேரே நெட்டில் இறங்கின. கடையில் விற்கிற டப்பாவைப் பிரித்தால்கூட உள்ளே டிஸ்க் இல்லை, ஒரு துண்டுச் சீட்டில் ஒரு எண். அந்த எண்ணை ஒருவர் அடித்துவிட்டால் அப்புறம் அது வெறும் அட்டைதான், யாருக்கும் கொடுக்க முடியாது. புதுப் பெட்டி ஒன்றை அவரிடம் காட்டினேன். நாலு பக்கமும் திருப்பித் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இதுக்கு வாசலே இல்லீங்களே" என்றார்.

அதே பெட்டியைத்தான் அடுத்த வருடம் என் கையாலேயே அவர் வீட்டில் வைத்தேன். அம்மணிக்கு உடம்பு முடியாமல் போயிருந்தது. வயிற்றில் கட்டி, இரண்டு ஆபரேஷன், எழுந்து நடக்க முடியவில்லை. "படுத்துட்டே வெளையாடறாப்பல லேசா ஏதாச்சும் வேணுமுங்க. சுடறது வெட்டறது வேண்டாம்" என்று வந்து நின்றார். எனக்கு ஒரு கேம் ஞாபகம் வந்தது. ஒரு சின்ன வீடு, சுற்றித் தோட்டம், ஒரு மாமரம், அதில் ஒரு கிளி. செடிக்குத் தண்ணீர் விடலாம், கிளிக்குப் பேச்சுப் பழக்கலாம். ஆனால் அது டிஸ்க்கில் வரவில்லை. "டிஸ்க்குல இல்லவே இல்லீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

புலியகுளத்தில் சர்ச்சுக்குப் பின்னால் அவர் வீடு. கட்டிலுக்கு எதிரில் டிவியை நகர்த்திப் பெட்டி, மைக் எல்லாம் மாட்டி முடித்தேன். 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தியதும் திரை நிறைய, தமிழிலேயே, ஒப்பந்தம் வந்தது. பக்கம் பக்கமாக ஓடியது. அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். கட்டிலிலிருந்து அம்மணி சொன்னார்:

"ஏனுங்க, நீங்க அதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவனாட்ட இருக்குதுங்க."

மூவரும் சிரித்தோம். அவர் சிரித்தபடியே கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒப்புக்கொள்கிறேன் என்பதை நான்தான் அழுத்தினேன். அந்த மனுசன் கடைசி வரி படிக்காமல் விட்ட ஒரே பத்திரம் அது.

அந்தக் கிளிக்குத் தமிழ் தெரியாது. எந்த மொழியும் தெரியாது. மைக்கில் விழும் சத்தத்தைத் துண்டு துண்டாக எடுத்து வைத்துக்கொண்டு, தனக்குத் தோன்றியபோது, தோன்றியபடி ஒட்டிச் சொல்லும். சொன்னவர் குரலிலேயே சொல்லும். அம்மணி ஏழு மாதம் அதோடு பேசினார். ஏனுங்க, காப்பி ஆறுதுங்க, கதவு சாத்துங்க, மழை வருதுங்க. வீட்டில் புழங்குகிற பேச்செல்லாம் அதற்குள் போயிற்று. அம்மணி சொல்லிக் கொடுக்காததையும் கிளி பிடித்துக்கொண்டது. முனகல், இருமல், படுக்கைப் புண்ணைத் துடைக்கும்போது சொன்ன "புண்ணு வலிக்குதுங்க."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அம்மணி போய்விட்டார். நல்லடக்கத்துக்குப் போய் வந்தேன். ஒரு மாதம் கழித்து வீட்டில் ஜெபம் என்று கூப்பிட்டிருந்தார். அவர்கள் தெருவில் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லும் அன்பியக் குழு, பதினைந்து பேர் இருக்கும். நான் வேறு சாமி, ஆனாலும் போனேன். வெளிக் கேட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் பத்திர எழுத்தில் எழுதிய ஒரு தாள்: 'உள்ளே யாரும் வாய் விட்டுப் பேச வேண்டாம். கிளி முழித்திருக்கிறது.'

தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் எனக்கு மட்டும் விவரம் சொன்னார்.

"மைக்க அமத்துனா தூங்கிப் போகுதுங்க, பேசறதில்ல. மைக்கு இருந்தாத்தான் பேசும். ஆனா தெரிஞ்ச சொல்ல வேற ஆளு சொன்னா, பழச அழிச்சுப்போட்டுப் புதுச வெச்சுக்குதுங்க. தெரியாம நான் ஒருக்கா மாத்திரைன்னு சொல்லிப்போட்டேன். இப்ப அது என்ற கொரல்லதான் மாத்திரைங்குது. அம்மணி சொன்ன மாத்திரை போயிருச்சுங்க."

"மத்ததெல்லாம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. நான் ஊட்டுக்குள்ள பேசறதே இல்லீங்க."

பகல் பதினொரு மணி. சன்னல் எல்லாம் திறந்து வெயில் விழுந்த அறை. பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்து ஜெபமாலை சொன்னார்கள். மணிகள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. டிவியில் அந்த மாமரம், காற்றில் ஆடும் இலை, கிளி. ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகளோ நான்காவதோ ஓடும்போது, திரையிலிருந்து அம்மணியின் குரல், களைத்த குரல், "வேண்டிக்கொள்ளும்" என்றது.

படுக்கையில் கிடந்து அவர் முணுமுணுத்த ஜெபத்திலிருந்து அது எடுத்து வைத்திருந்தது. எல்லாருடைய உதடும் நின்றுவிட்டது. ஒரு பெண் மணிமாலையை அப்படியே மடியில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். பத்திரக்காரர் மட்டும் தலையைக் குனிந்து, ஒழுங்காக, அடுத்த மணிக்குப் போனார். அன்பியத்தார் அதன்பிறகு அந்த வீட்டுக்கு முறை வைக்கவில்லை.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைக்காரப் புத்தி வேலை செய்தது. மறுவாரம் கடைக்கு வந்தவரிடம், "போன்ல எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணி வெச்சுருங்க" என்றேன்.

"நகலுங்களா?" என்றார், நான் ஏதோ அசிங்கத்தைச் சொன்ன மாதிரி. "நகல் சொன்னதையேதான் சொல்லும் தம்பி. அது செத்தவங்க பேச்சுங்க. இது அப்பிடியில்ல. இது எப்ப என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாதல்லோ."

அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. எனக்குப் பயம் தந்ததும் அதுதான். கிளி மழை வருதுங்க என்றால் அவர் மாடிக்குப் போய்த் துணி எடுத்துவிடுவார். சுட்டெரிக்கும் சித்திரையில் குடையோடு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நடந்து போவதை நானே பார்த்தேன். கதவு சாத்துங்க என்றால் எழுந்து சாத்துவார், ஏற்கெனவே சாத்தியிருந்தால் திறந்து மறுபடி சாத்துவார். ஒருநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னிக்கு அம்மணி 'புண்ணு ஆறுதுங்க'ன்னாங்க தம்பி."

நான் யோசித்துப் பார்த்தேன். புண்ணு வலிக்குது என்பதிலிருந்து ஒரு துண்டு, காப்பி ஆறுதுங்க என்பதிலிருந்து ஒரு துண்டு. கிளி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அம்மணி உயிரோடு இருந்தவரைக்கும் அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இதை அவரிடம் விளக்கிச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "நல்லதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஆவணி மாதம் அந்த அறிவிப்பு வந்தது. கேமை நடத்துகிற கம்பெனி அதை மூடப் போகிறது. கிளியும் தோட்டமும் நம் பெட்டிக்குள் இல்லை, எங்கேயோ கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்தன. ஒரு மாதம் கழித்து எல்லாருடைய தோட்டமும் ஒரே நாளில் அழிக்கப்படும். போனில் அதைப் படித்தவன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்பதே மண்டையில் ஓடியது.

வீட்டு வாசல் கதவு திறந்திருந்தது. அவரை அண்ணா என்று கூப்பிட வயது இடிக்கும். ஐயா என்றால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் ஊரில் ஒரு வாசலில் நின்று உள்ளே இருப்பவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? செருப்பைக் கழற்றிக்கொண்டே, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன்.

"ஏனுங்க!"

கூப்பிட்டு முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றேன். பிறகு உள்ளே இருந்து என் குரல் என்னைக் கூப்பிட்டது.

"ஏனுங்க!"

உடனே, சற்றும் இடைவெளி விடாமல், அம்மணியின் குரல்: "காப்பி ஆறுதுங்க."

எட்டிப் பார்த்தேன். அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு, காதைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தார். கிளி இறகைக் கோதியது. மறுபடியும் என் குரலில் ஏனுங்க என்றது. இன்னும் ஒருமுறை. அப்புறம் அவர் எழுந்து வந்து, என் தோளைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப் போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"என்ன விசயமுங்க தம்பி?"

மூடப் போவதைச் சொன்னேன். நான் செய்ததையும் அதே மூச்சில் சொல்லி அழுதேன். முப்பத்தாறு வயதில் நடுத்தெருவில் நின்று அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"நீங்க வேணும்னா பண்ணுனீங்க? வாசல்ல வந்து வேற எப்பிடிக் கூப்புடுவாங்க? விடுங்க."

திட்டியிருந்தால் தேவலை. அன்று சாயங்காலம் வரைக்கும் அம்மணியின் போன், அவர் போன், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் என் கடைக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து தேடினோம். ஒரு ஏனுங்க கிடைத்தால் போதும், கிளிக்குப் போட்டுக் காட்டித் திரும்ப வாங்கிவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. அம்மணி தங்கச்சியோடு பேசியிருந்தார், பால்காரரோடு பேசியிருந்தார், சர்ச்சில் வாசகம் வாசித்திருந்தார். அவரைக் கூப்பிட்டதை மட்டும் யாரும் எடுத்து வைக்கவில்லை. எந்நேரமும் பக்கத்திலேயே இருந்த மனுசனைக் கூப்பிடுவதை யார் எடுத்து வைப்பார்கள்?

மறுநாள் அந்த ஒப்பந்தத்தை அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து வந்தார். கடைசி வரி வரைக்கும் படித்து முடித்திருந்தார். சிவப்பு மையில் அடிக்கோடு.

"பட்டன்ல வாங்குன்னு போட்டிருந்தாங்க தம்பி. நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன். உள்ள கிரயம்னு ஒரு எடத்துலயும் இல்லீங்க. அனுமதின்னுதான் இருக்குது. அவங்க அனுமதிக்கற வரைக்கும் பாத்துக்கலாமுங்க, அவ்வளவுதான். வாங்குங்கற சொல்லுக்கு வெலைக்கு வாங்கறதும் இருக்குது, எரவல் வாங்கறதும் இருக்குதல்லோ. அவங்க எரவலத்தான் சொல்லியிருக்காங்க."

"எந்தப் பாசையில எழுதுனாலும் ஏமாத்துத்தானுங்க" என்றேன்.

"ஏமாத்து இல்லீங்க. எழுதித்தான் குடுத்திருக்காங்க. நான்தான் படிக்கல."

கம்பெனிக்கு ஒரு மனு எழுதினார். அவர் தமிழில் எழுதினார், நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் மாற்றினேன். பத்திரம் என்றால் சொத்துக்கு நாலு எல்லை எழுத வேண்டும், அந்தப் பழக்கத்தில் கிளிக்கும் எழுதியிருந்தார். கிழக்கே கிணறு, மேற்கே வேலி, வடக்கே அம்மணி வைத்த செம்பருத்தி, தெற்கே வீட்டு வாசல், இதற்கு உட்பட்ட மாமரமும் அதில் குடியிருக்கும் பேசும் கிளியும் என்று. அந்தக் கிளியை மட்டும் என்ன விலையானாலும் கிரயம் செய்து தரும்படி கேட்டிருந்தார். நாலாம் நாள் பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று ஒரு வரி. கீழே, இதைப் போல வேறு கேம்கள் உங்களுக்குப் பிடிக்கலாம் என்று நாலு படங்கள்.

அந்த ஒரு மாதமும் அடிக்கடி கடைக்கு வந்தார். "காலையில நீங்க கூப்புடறீங்க. அம்மணி காப்பி ஆறுதுங்கறாங்க" என்பார், வீட்டு நடப்பைச் சொல்வதுபோல. முதலில் அந்தக் குரலுக்கு அவர் தலை திரும்பவில்லையாம். இப்போது திரும்புகிறதாம். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. நான் இங்கே கடையில், டிஸ்க் விற்காததால் போன்களுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போது, புலியகுளத்தில் ஒரு வீட்டில் நான் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு கூடவே வந்தது.

மூடுகிற நாளில் என்னைக் கூப்பிட்டிருந்தார். கம்பெனிக்காரர்கள் ஊர்க் கணக்குப்படி மணி எதுவோ, நமக்கு மதியம் இரண்டரை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் கட்டில் கால்மாட்டில். எதிரில் ஒரு டம்ளர் காப்பி, யாரும் குடிக்காமல். கிளி நிறையப் பேசியது. மழை வருதுங்க என்றது. கதவு சாத்துங்க என்றது, அவர் எழுந்து சாத்திவிட்டு வந்தார். இரண்டரை ஆக ஒரு நிமிடம் இருக்கும்போது என் குரலில் "ஏனுங்க" என்றது. அவர் தலை திரும்பியது. நானும் திரும்பிப் பார்த்தேன். அதற்கு அடுத்த துண்டு வரவில்லை. திரை வெள்ளையாகி, இத்தனை நாள் எங்களோடு இருந்ததற்கு நன்றி என்று எழுத்து வந்தது. அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு அதையும் கடைசி வரை படித்தார்.

அதன்பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கொடுமுடிப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

அந்த ஒரு தடவை, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு முற்பகல். கடையில் யாருமில்லை. ஆள் இளைத்திருந்தார். துணிப்பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். டிஸ்க் எதையும் எடுக்கவில்லை. "ஒருக்காக் கூப்புடுங்க தம்பி" என்றார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "வேண்டாமுங்க" என்றேன்.

"கிளிகிட்ட இருந்தது நகலுங்க. அது போயிருச்சு. உங்ககிட்ட இருக்கறதுதானுங்க அசல்."

அந்த மனுசன் தனக்கென்று என்னிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

"ஏனுங்க" என்றேன்.

அவர் தலை திரும்பியது. என் பக்கம் இல்லை, எனக்குப் பின்னால் இருந்த சுவரின் பக்கம். காதைக் கொஞ்சம் சாய்த்து, அடுத்ததற்குக் காத்திருந்தார். ஃபேன் ஓடியது. தெருவில் ஒரு டவுன் பஸ் வந்து, நின்று, போயிற்று. அவர் அசையவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவர் அப்படியே இருப்பார் என்று புரிந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"காப்பி ஆறுதுங்க" என்றேன்.

நான் சொல்ல நினைத்த மாதிரி அது வரவில்லை. முதல் எழுத்து இழுபட்டு, கடைசி எழுத்து உள்ளே போயிருந்தது. என் வாயில் அப்படி ஒருபோதும் வந்ததில்லை.

"வாரேன் அம்மணி" என்றார்.

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, காத்திருக்கிற வீட்டுக்குப் போகிறவர் போல் வேகமாகச் சந்தில் இறங்கி நடந்தார். கவுண்டரில் அவர் துணிப்பை அப்படியே இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். அவரைக் கூப்பிட என்னிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு பையோடு பின்னால் ஓடினேன். பஸ் ஸ்டாண்டு முக்கில் அவர் தோளைத் தொட்டேன்.

திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்த பிறகும் அது போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அட, நீங்களுங்களா" என்றார்.